அம்பாளுக்கே பேமிஷன் வேணும்

டெக் போடப்போறியோ? போடு, போடு. லண்டனிலை வருசத்துக்கு நாலு நல்ல வெயில் நாள் வரும். அதிலை ரெண்டு நாள் நீ வேலையிலை நிப்பாய், ஒரு நாள் ஆற்றையேன் சாமத்திய வீட்டிலை நிப்பாய். மிச்சம் இருக்கிற ஒரு நாளுக்குப் பின்வளவிலை ஒரு மேடை கட்டாயம் வேணும்தானே, அப்பன்.

எவ்வளவு உயரமெண்டு கேட்டதுக்கு "இடுப்பளவு, பெரியப்பா" எண்டாய் பார், அங்கைதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டத்துக்கு உன்ரை இடுப்பைப் பற்றிக் கவலையில்லை. நிலத்திலையிருந்து 30 சென்ரிமீற்றர். அவ்வளவுதான் கேளாமல் கட்டலாம். அதுக்கு மேலை போனால் பிளானிங் பேமிஷன் எடுக்க வேணும். ஏனெண்டு கேளன். நீ மேடையிலை ஏறித் தேத்தண்ணி குடிக்கேக்கை அடுத்த வீட்டு மனிசி தன்ரை தோட்டத்திலை என்ன செய்யிறா எண்டு உனக்குத் தெரியப்படாது. எங்கடை ஊரிலை உந்தப் பிரச்சினைக்குக் கிடுகு வேலி அடைச்சம், பிறகு அந்த வேலியிலையே ஒரு பொட்டும் விட்டு வைச்சம். வெள்ளைக்காரனுக்குப் பொட்டு விடத் தெரியேல்லை. சட்டம் போட்டிட்டான்.

இன்னொண்டு. டெக் நிலத்தோடை படிஞ்சு கிடந்தாலும் கணக்கிலை சேரும். எக்ஸ்ரென்ஷன், ஷெட், டெக் எல்லாத்தையும் கூட்டினால், முதன்முதல் கட்டின வீட்டைச் சுத்தின காணியிலை பாதிக்கு மேலை மூடப்படாது. நீ கீறிக் காட்டின படத்திலை புல்லுக்கே இடமில்லை. கறிவேப்பிலைச் சாடியை எங்கை வைக்கப்போறாய்?

சரி, "உதுக்கெல்லாம் ஒண்டும் தேவையில்லை" எண்டு உனக்குச் சொன்னது ஆர்? கோயில் அன்னதான வரிசையிலை நிண்டவரோ? எனக்கு அவரைத் தெரியும். ஈஸ்ட்ஹாம் முருகனிலையும் நிப்பார், விம்பிள்டன் பிள்ளையாரிலையும் நிப்பார், ரூட்டிங்கிலை மரக்கறிக் கடையிலை முருங்கைக்காயை முறிச்சுப் பாத்துக்கொண்டும் நிப்பார். ஆள் வேறை வேறை, கதை ஒண்டு. விசா, மோட்கேஜ், முழங்கால் நோ, கவுன்சில் எல்லாத்துக்கும் அவரிட்டை மருந்திருக்கு. "நீங்கள் கட்டினியளோ அண்ணை?" எண்டு கேட்டுப் பார். "நான் கட்டேல்லை, என்ரை சகலன் கட்டினவன்" எண்டுவார். சகலனைப் பிடிச்சுக் கேட்டால், அவன் வாடகை வீட்டிலை இருப்பான்.

ஈலிங் கனகதுர்க்கை அம்மன்ரை தேர் ஆவணி வெயிலிலை வெளிவீதி வாறதைப் பாத்திருப்பாய். அந்த வீதியை மூடுறதுக்கே கவுன்சில் ஓமெண்ட வேணும். அம்பாளுக்கே பேமிஷன் வேணுமெண்டால், நீ ஆர் மோனை, ஹறோவிலை மூண்டு அறை வீட்டோடை?

அந்த அன்னதான மனுசன் முழுப்பொய் சொல்லேல்லை, அதுதான் வில்லங்கம். பிளானிங் பேமிஷன் தேவையில்லை எண்டது கனபேருக்கு உண்மை. அதைக் கேட்டிட்டு ஒண்டுமே தேவையில்லை எண்டு விளங்கிக்கொண்டது உன்ரை கெட்டித்தனம். பிளானிங் எண்டது ஒரு வாசல். கட்டப்போறது வெளியிலை எப்பிடித் தெரியும், ஆற்றை வெளிச்சத்தை மறைக்கும் எண்டு கேக்கிற வாசல். பில்டிங் கொன்ட்ரோல் எண்டது இன்னொரு வாசல். இடிஞ்சு விழுமோ, நெருப்புப் பிடிச்சால் ஓடலாமோ, குளிர் உள்ளுக்கு வருமோ எண்டு கேக்கிறது. ரெண்டும் சீதனத்திலை கோவிச்சுக்கொண்ட சம்பந்தி வீடு மாதிரி. ஒரே கவுன்சில் கட்டிடத்துக்குள்ளை இருந்தாலும், ஒருத்தர் ஓமெண்டதை மற்றவர் ஏற்கமாட்டார். அயல்வீட்டுச் சுவருக்கு வேறை சட்டம், நிலத்துக்கடியிலை ஓடுற கழிவுக் குழாய்க்கு வேறை முதலாளி.

உன்ரை எக்ஸ்ரென்ஷனுக்கு முதல் வாசலைப் பாப்பம். ரெறஸோ செமியோ எண்டால் பின்பக்கம் ஒரு தட்டு 3 மீற்றர் வரைக்கும் கேளாமல் இழுக்கலாம், தனி வீடெண்டால் 4. முழு உயரம் 4 மீற்றருக்குள்ளை நிக்க வேணும். எல்லையிலையிருந்து 2 மீற்றருக்குள்ளை கட்டினால் கூரை விளிம்பு 3 மீற்றருக்கு மேலை போகப்படாது. உன்ரை மனிசி 6 மீற்றர் கேப்பா, அதுக்கும் ஒரு வழி விட்டிருக்கிறாங்கள். 2013இலை தற்காலிகமெண்டு கொண்டுவந்து 2019இலை நிரந்தரமாக்கினது. கவுன்சிலுக்கு எழுதிப்போட்டு 42 நாள் பொறுக்க வேணும். கவுன்சில் அயலட்டைக்குக் கடிதம் போடும். ஒருத்தரும் வாய் திறக்காட்டில் வழி விடுவினம், ஒருத்தர் எதிர்த்து எழுதினாலும் இருந்து யோசிப்பினம். பக்கத்து வீட்டுக்காரனை உன்ரை பேத்டே பார்ட்டியிலை விடிய ரெண்டு மணி வரைக்கும் பைலாப் பாட்டாலை எழுப்பி வைச்சியே, அது உந்த 42 நாளுக்குள்ளை அவனுக்கு ஞாபகம் வரும்.

பின்பக்கம் எண்டால் எந்தப் பின்பக்கம்? இப்ப நிக்கிற பின்பக்கம் இல்லை. 1948 யூலை 1ஆம் திகதி வீடு எப்பிடி நிண்டதோ அந்தப் பின்பக்கம். அதுக்குப் பிறகு கட்டின வீடெண்டால் முதன்முதல் கட்டினபடி. உனக்கு முன்னம் இருந்தவன் எப்பவோ பின்னாலை இழுத்துக் கட்டியிருந்தால் அவன் உன்ரை பங்கையும் சேத்துத் திண்டிட்டான் எண்டு அர்த்தம். அந்தத் திகதியை நல்லா நினைவு வைச்சிரு. 1948 பெப்ரவரி 4 எங்களுக்குச் சுதந்திரம் எண்டு கொடி ஏத்தினாங்கள். அஞ்சு மாதம் போகேல்லை, யூலை 1 வெள்ளைக்காரன் தன்ரை சொந்தச் சனத்தின்ரை காணிச் சுதந்திரத்தைப் பிடுங்கி அரசாங்கத்தின்ரை பெட்டிக்குள்ளை வைச்சிட்டான். அண்டையிலையிருந்து இங்கிலாந்திலை காணி உன்னுடையது, அதிலை கட்டுற உரிமை அவன்ரை. நீ கேளாமல் கட்டுற அந்த 3 மீற்றர்கூட அவன் முன்கூட்டியே தந்து வைச்ச அனுமதிதான்.

பிளற் வாங்கினவைக்கு உந்தச் சலுகை ஒண்டுமில்லை. பாதுகாப்புப் பகுதியெண்டு குறிச்ச தெருவெண்டால் பாதி இல்லை. சில தெருக்களிலை கவுன்சில் விசேஷ உத்தரவு போட்டு எல்லாத்தையும் எடுத்துப் போட்டிருக்கும். அதாலை நான் சொல்லுறதைக் கேள். தேவையில்லை எண்டதுக்கும் லண்டனிலை ஒரு கடுதாசி விக்கிறாங்கள், சட்டபூர்வச் சான்றிதழ் எண்டு. வீட்டுக்காரருக்கான பிளானிங் விண்ணப்பக் காசை 2025 ஏப்ரலிலை 258 பவுணிலையிருந்து 528 ஆக்கினவங்கள். உந்தக் கடுதாசிக்கு அதிலை பாதி. சோபா வாங்கேக்கை தலையணைக்குக் குடுத்த காசு. வாங்கி வை.

ரெண்டாவது வாசலிலைதான் எங்கடை ஆக்கள் தலை அடிபடுறது. உன்ரை பெரியம்மா பஞ்சாங்கம் பாத்து அத்திவாரத்துக்கு நாள் வைச்சிட்டா. காலமை ஆறே முக்காலுக்குச் சுபநேரம். நவதானியம், ஒரு துண்டுத் தங்கம், செப்புக்காசு, தேசிக்காய் எல்லாம் தயார். ஐயரும் வருவார், மேசனும் வருவான், கொங்கிறீற் லொறியும் வரும். இன்ஸ்பெக்டருக்கு ஆர் சொன்னது? அந்த மனிசன் பத்து மணிக்கு மேலைதான் வருவார். வந்து பாக்கேக்கை கிடங்கு நிறையக் கொங்கிறீற் இறுகிக் கிடக்கும். அதுக்குள்ளை தேசிக்காய் கிடக்குதெண்டு நீ சொன்னால் அவருக்கு விளங்காது. கிடங்கு எவ்வளவு ஆழம், அடியிலை என்ன மண், பக்கத்திலை என்ன வேர் எண்டு கண்ணாலை பாக்கத்தான் அவர் வாறார். மூடினதைத் திறந்து காட்டெண்டு கேக்க அவருக்கு உரிமை இருக்கு. அதாலை சுபநேரத்திலை தேசிக்காயை வை, கற்பூரம் கொளுத்து, ஐயரை அனுப்பு. லொறியைப் பின்னேரத்துக்குச் சொல்லு. அம்பாள் கோவிக்கமாட்டா.

அவர் ஆழத்தைப் பாக்கிறது வீம்புக்கில்லை. லண்டனுக்குக் கீழை கிடக்கிறது களிமண். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். 1976 கோடையிலை மழையில்லாமல் நிலம் வெடிச்சு, அத்திவாரம் இறங்கி, எத்தினையோ வீட்டுச் சுவரிலை கை போற வெடிப்பு. அதுக்குப் பிறகுதான் களிமண்ணிலை ஒரு மீற்றராவது தோண்டு எண்டது வழக்கமானது. பக்கத்திலை ஓக் மரமோ வில்லோ மரமோ நிண்டால் இன்னும் ஆழம் கேப்பினம், ஏனெண்டால் வேர் தண்ணியை உறிஞ்சும். மரம் உன்ரை வளவிலை நிக்க வேணுமெண்டில்லை. அடுத்தவன்ரை மரத்துக்கும் நீதான் கிடங்கு தோண்ட வேணும். ஊரிலை வேலிப் பனையின்ரை ஓலை ஆற்றை வளவிலை விழுந்ததெண்டு வழக்குப் பேசின பரம்பரைக்கு உது விளங்காமல் போகாது.

பில்டிங் கொன்ட்ரோலுக்கு ரெண்டு விதமாய்ப் போகலாம். முழுப் படமும் குடுத்து முன்கூட்டியே சரி பாப்பிக்கலாம். இல்லாட்டில் 'பில்டிங் நோட்டிஸ்' எண்டு ஒண்டைப் போட்டிட்டுத் தொடங்கலாம். ரெண்டாவது கெதியாய் முடியும், உன்ரை பில்டருக்கும் அதுதான் பிடிக்கும். படத்தை ஒருத்தரும் பாத்திருக்கமாட்டினம், பிழையைக் கட்டினாப் பிறகுதான் கண்டுபிடிப்பினம், இடிக்கிற கூலி உன்ரை. குசினியையும் ஹோலையும் ஒண்டாக்கச் சுவரை உடைச்சு ஸ்ரீல் போடப்போறியெல்லோ, அந்த ஸ்ரீலுக்கு எஞ்சினியரின்ரை கணக்கு வேணும். "இதைவிடப் பெரிசு ஸ்ரான்மோரிலை போட்டனான்" எண்டு பில்டர் சொல்லுறது கணக்கில்லை.

மீன் பொரிக்கிற பின்குசினியைப் பற்றியும் சொல்லிவிடுறன். எங்கடை வீடுகளிலை அது இல்லாமல் இல்லை. கண்ணாடிக்கூடம் எண்டு பேர் வைச்சு, 30 சதுர மீற்றருக்குள்ளை, நிலத்தோடை கட்டினால் பில்டிங் கொன்ட்ரோல் விட்டுவிடும். ஆனால் வீட்டுக்கும் அதுக்கும் இடையிலை வெளிவாசல் தரத்திலை ஒரு கதவு நிக்க வேணும், வீட்டு ஹீற்றரை அதுக்குள்ளை இழுக்கப்படாது. கட்டின முதல் மாரியிலை குளிருதெண்டு ஹீற்றர் இழுப்பினம், அடுத்த மாரியிலை இடைஞ்சலெண்டு கதவைக் கழட்டி ஷெட்டுக்குள்ளை வைப்பினம். கதவு போனால் விலக்கும் போச்சு. விலக்கு அந்தக் கதவிலைதான் கிடக்குதெண்டு கழட்டின மனிசனுக்கு ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டினம்.

தேம்ஸ் வோட்டர்காரனையும் மறவாதை. 2011 ஒக்டோபரிலையிருந்து ரெண்டு மூண்டு வீடு சேந்து பாவிக்கிற கழிவுக் குழாய் அவங்கடை சொத்து. அதுக்கு மேலையோ 3 மீற்றருக்குள்ளையோ கட்டினால் அவங்கடை சம்மதமும் வேணும். வரிசை வீடுகளிலை உந்தக் குழாய் பின்வளவாலை எல்லா வீட்டுக்கும் குறுக்கை ஓடும், சரியாய் நீ டெக் போடப்போற இடத்துக்குக் கீழை.

இனி அயல். 1996இலை வந்த பொதுச்சுவர்ச் சட்டம். பேரைப் பாத்து அண்டைக்கு முளைச்சதெண்டு நினையாதை. 1189இலேயே லண்டனிலை, பிட்ஸ் எயில்வின் மேயராய் இருந்த காலத்திலை, ரெண்டு வீட்டுக்கு நடுவிலை மூண்டடி தடிப்புக் கல்மதில், ஆளுக்கு ஒண்டரை அடி நிலம் எண்டு எழுதி வைச்சவங்கள். அதையும் கேளாமல் மரத்திலை கட்டினதாலை 1666இலை ஊர் எரிஞ்சுது. அடுத்த வருசம் செங்கல்லிலையும் கல்லிலையும்தான் கட்டலாமெண்டு சட்டம். எங்கடை தேசவழமையை ஒல்லாந்தன் 1707இலை எழுதி எடுக்க முன்னமே உவங்கள் மதிலுக்கு வழக்குப் பேசி முடிச்சிட்டாங்கள். வேலிச் சண்டையிலை எங்களைவிட மூத்தவங்கள், மரியாதை குடு.

பொதுச்சுவரிலை கை வைக்கிறதெண்டால் ரெண்டு மாதத்துக்கு முன்னம் எழுத்திலை அறிவிக்க வேணும். அயல்வீட்டுக்கு 3 மீற்றருக்குள்ளை, அவையின்ரை அத்திவாரத்தைவிட ஆழமாய்த் தோண்டினால் ஒரு மாதம். அவை 14 நாளுக்குள்ளை ஓமெண்டு எழுதித் தரவேணும். மௌனம் சம்மதமெண்டு கலியாண வீட்டிலை சொல்லுவம். இங்கை மௌனமெண்டால் பிணக்கு. பிணக்கெண்டால் சேர்வேயர். அவையும் தங்களுக்கொரு சேர்வேயர் வைக்கலாம், அவருக்கும் சாதாரணமாய் நீதான் காசு. ஒரு மூடின வாயாலை ஆயிரக்கணக்கான பவுண் போகும்.

ஊரிலை மாரிக்கு முன்னம் வேலி அடைக்கேக்கை கதியாலைக் கொஞ்சம் அந்தப்பக்கம் அரக்கி நடுற கலை ஒண்டு இருந்தது. வருசத்துக்கு ஒரு சாண். பேரன் வளரேக்கை காணியும் வளந்திருக்கும். நான் ஆரெண்டு சொல்லமாட்டன். உந்தக் கலை இங்கை சரிவராது, எல்லை படத்திலை கிடக்கு, படம் கொம்பியூட்டரிலை கிடக்கு. அதாலை நோட்டிசைத் தபாலிலை போட முன்னம் நீயே கதவைத் தட்டு. ரோல்ஸ் நாலு கொண்டு போ, மச்சம் சாப்பிடுவினமோ எண்டு முதல் கேள். படத்தைக் காட்டு. எப்ப சத்தம் வரும், எப்ப தூசு வரும், எத்தினை மணிக்கு நிப்பாட்டுவாய் எண்டு சொல்லு. பிறகு நோட்டிஸ். வெள்ளைக்காரக் கிழவியெண்டால் ரோல்ஸோடை முடியும். பக்கத்து வீடு எங்கடை ஆக்கள், அதுவும் எங்கடை ஊருக்கு அடுத்த ஊர் எண்டால், நேரை சேர்வேயரைப் பிடி.

"ஒருத்தருக்கும் தெரியாமல் கட்டிப்போட்டால் கொஞ்ச வருசத்திலை தன்பாட்டிலை சரியாகும்" எண்டும் அந்த அன்னதான அண்ணை சொல்லியிருப்பாரே? ஒரு கதை சொல்லுறன், கேள். லண்டனுக்குத் தெற்கை சறேயிலை, சல்போட்ஸ் எண்ட இடத்திலை பிட்லர் எண்டொரு கமக்காரன். பேமிஷன் இல்லாமல் கோபுரம் வைச்ச கோட்டை ஒண்டு கட்டி, சுத்திவர நாற்பதடி உயரத்துக்கு வைக்கல் கட்டை அடுக்கி மறைச்சான். 2002இலை குடும்பத்தோடை உள்ளுக்கை குடிபோனான். சன்னலைத் திறந்தால் வைக்கல். நாலு வருசம் ஆரும் கேளாட்டில் நடவடிக்கை எடுக்கேலாது எண்டது அப்ப இருந்த சட்டம். 2006இலை வைக்கலைக் கழட்டிக் கோட்டையைக் காட்டினான். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்சவன் அவன்தான். 2010இலை உயர்நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமோ? வைக்கலை எடுத்ததும் கட்டிட வேலையிலை ஒரு பங்கு, அதாலை வைக்கல் எடுத்த நாளிலையிருந்துதான் கணக்கு. நீதவான்மாரும் கமக்காரப் பரம்பரை போலை. 2016இலை கோட்டையை அவனே இடிச்சான்.

இப்ப அந்த நாலு வருசமும் இல்லை. 2024 ஏப்ரல் 25இலையிருந்து இங்கிலாந்து முழுக்கப் பத்து வருசம். பில்டிங் கொன்ட்ரோல் பிழையைத் திருத்தச் சொல்லி நோட்டிஸ் விடுற காலமும் ஒரு வருசமாய் இருந்ததைப் பத்தாக்கிப் போட்டாங்கள். பத்து வருசம் வைக்கலுக்குப் பின்னாலை இருக்க உனக்கேலுமோ? உன்ரை மனிசி இருப்பாவோ? டெக்கிலை நிண்டு எடுத்த படத்தை அண்டு பின்னேரமே பேஸ்புக்கிலை போட்டிருப்பா.

உதிலை பகிடி விடமுடியாத ஒண்டும் கிடக்கு. பின்வளவு ஷெட்டிலை கட்டிலைப் போட்டு வாடகைக்கு விடுற யோசனையை உனக்கு ஆரும் சொன்னால், அந்த ஆளோடை கதையை நிப்பாட்டு. 2013இலை ஸ்லவ் கவுன்சில் சூட்டைப் பாக்கிற கமராவோடை விமானம் பறக்கவிட்டு எந்த ஷெட்டுக்குள்ளை ஆள் இருக்கு எண்டு தேடினது. அது பிடிபடுற கதை. பிடிபடாத கதைதான் எனக்குப் பயம். நெருப்புக்கு வழியில்லாத, சன்னலில்லாத பெட்டிக்குள்ளை நேற்று வந்த பெடியன் ஒருத்தன் ஹீற்றரைப் போட்டிட்டுப் படுப்பான். எங்கடை சனத்திலை அப்பிடிப் படுத்து எழும்பித்தான் கனபேர் வீடு வாங்கினவை. படுத்தவனே அதைத் திருப்பி வாடகைக்கு விடுறது எனக்குப் பிடியாது. சின்ன ஷெட்டுக்கு பில்டிங் கொன்ட்ரோல் தாற விலக்கும், உள்ளுக்கை ஆள் படுக்கிறதெண்டால் இல்லை.

கவுன்சில்காரன் வாறானோ எண்டு நீ சன்னலாலை எட்டிப் பாக்கத் தேவையில்லை. அவனுக்கு ஆளும் குறைவு, காசும் குறைவு. உன்னைப் பிடிக்கப்போறது சொலிசிற்றர். நீ வீட்டை விக்கப்போற அண்டு, வாங்க வாறவன்ரை சொலிசிற்றர் அஞ்சு வரிக் கடிதம் ஒண்டு போடுவார்: எக்ஸ்ரென்ஷனுக்குப் பிளானிங் எங்கை, பில்டிங் கொன்ட்ரோல் முடிவுச் சான்றிதழ் எங்கை, பொதுச்சுவர் ஒப்பந்தம் எங்கை, தேம்ஸ் வோட்டர் சம்மதம் எங்கை, ஸ்ரீல் கணக்கு எங்கை. பில்டரின்ரை போன் நம்பர் அப்ப வேலை செய்யாது. 1985 நவம்பர் 11க்குப் பிறகு களவாய்க் கட்டினதுக்குப் பின்னாலை சான்றிதழ் எடுக்க வழியிருக்கு, ஆனால் அதுக்குச் சுவரைக் கொத்தி, தரையைத் திறந்து காட்டச் சொல்லுவினம். நீ போட்ட இத்தாலி மாபிளைத்தான் முதல் உடைப்பினம். இல்லையெண்டால் காப்புறுதி எடுத்துச் சமாளிக்கலாம் எண்டுவினம். கவுன்சிலுக்கு ஒருக்கால் போன் எடுத்துக் கேட்டிட்டாய் எண்டால் அந்தக் காப்புறுதியும் கிடைக்காது. அதாலை ஒண்டில் கட்ட முன்னம் கேள், இல்லாட்டில் வாயைத் திறவாதை. நடுவிலை கேக்கிறவன்தான் ரெண்டு பக்கமும் கெடுறவன்.

டெக்கை 30 சென்ரிமீற்றருக்குக் கீழை போடு. எக்ஸ்ரென்ஷனுக்குச் சட்டபூர்வச் சான்றிதழ் எடு, பில்டிங் கொன்ட்ரோலுக்கு முழுப் படம் குடு. பில்டர் ஆரெண்டாலும் சரி, எங்கடை ஊர்க்காரனெண்டாலும் சரி, முடிவுச் சான்றிதழ் உன்ரை கையிலை வரும்வரைக்கும் கடைசித் தவணைக் காசைக் குடாதை.